காளியாயியின் எட்டு நாள் லீவு

பொய் சொல்லி லீவு எடுத்தவர்கள் எனக்குப் புதிதில்லை. நானே அந்தக் கூட்டம்தான். பழைய வேலையில் இருந்தபோது ஒரே பெரியப்பாவை மூன்று முறை சாகடித்திருக்கிறேன்; அவர் தொண்ணூறைத் தாண்டி இன்றைக்கும் கும்பகோணத்தில் நடந்தே போய்ப் பேப்பர் வாங்கி வருகிறார். ஆனால் தான் சொன்ன பொய்யை, லீவு பாதியில் இருக்கும்போதே, யாரும் கண்டுபிடிக்காத நிலையில், ஆயிரம் பேருக்கு முன்னால் தானாகப் போட்டு உடைத்த ஒரே ஆள் எனக்குத் தெரிந்து காளியாயிதான்.

என் பெயர் பீமராவ். வீடு ஸ்ரீரங்கத்தில், பிழைப்பு கே.கே. நகரில். அங்கே ஒரு கூரியர் புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு எடைபோடும் மிஷின், ஒரு ஃபேன், நான். தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு மொபெட்டில் முன்னால் ஒரு சாக்கு, பின்னால் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு காளியாயி வந்து இறங்குவார். அவர் உள்ளே நுழைவதற்கு முன்பே வறுத்த மிளகாய் வாசனை நுழைந்துவிடும். அடுத்தவர்களுடைய சர்ட்டிபிகேட், கல்யாணப் பத்திரிகை, சேலை பார்சல் எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறிக்கொள்ளும். நான் முணுமுணுப்பேன். "வாசனைக்குத் தனியா சார்ஜ் போட்டுக்குங்க ராவ் சார்" என்பார்.

அவர் லால்குடிப் பக்கத்துக்காரர். விவசாயக் குடும்பம். கணவர் அழகிரி காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வரும் மினி லாரி ஓட்டுகிறவர். கொரோனா வந்து லாரி நின்றபோது, திருச்சியில் குடியிருக்கும் வீட்டின் மாடி வீட்டம்மாவுக்குக் காளியாயி கொஞ்சம் பருப்புப் பொடி கொடுத்திருக்கிறார். அந்தம்மா அதைச் சென்னையில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப, தங்கை ஆபீஸில் நாலு பேருக்குக் கொடுக்க, அந்த நாலு பேரும் காளியாயியின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கடைக்குப் போர்டு கிடையாது, கல்லா கிடையாது. வாட்ஸ்ஆப்தான் கடை. மகள் காலேஜில் படிக்கிறாள். அவள் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறந்து கொடுத்து, ஸ்டைலாக ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைக்கலாம் என்றிருக்கிறாள். "எம்பேருக்கு என்ன கொறச்சல்?" என்று கேட்டு, லேபிளில் 'காளியாயி பொடி' என்றே அடித்துவிட்டார்.

பாக்கெட் போட, லேபிள் ஒட்ட இரண்டு பெண்கள் வருகிறார்கள். வறுப்பது மட்டும் காளியாயி. அதை யாரிடமும் விடமாட்டார். நான் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். இரும்புச் சட்டியில் துவரம்பருப்பு வறுபடுகிறது. இவர் முதுகைத் திருப்பிக்கொண்டு வேறு ஏதோ வேலை செய்கிறார். திடீரென்று திரும்பி அடுப்பை அணைக்கிறார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பருப்பு பதமானதும் சட்டியில் அது படபடக்கிற சத்தம் லேசாகிவிடுமாம். நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான்.

இப்படிக் காதால் தொழில் செய்கிறவருக்கு வந்த வினையும் காதில்தான் வந்தது. போனில் மெசேஜ் விழும் சத்தம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு நேரம் காலம் தெரியாது, பெங்களூரில் இருப்பவர்களுக்குப் பொறுமை கிடையாது. "அக்கா இட்லிப் பொடி காரம் கம்மியா கிடைக்குமா?" "அக்கா பார்சல் எங்க இருக்கு?" "அக்கா, இந்த ரசப்பொடியில ரசம் வெக்கிறது எப்படி?" காளியாயி ஒவ்வொருவருக்கும் தன் குரலிலேயே பதில் பேசி அனுப்புவார். நாளைக்குச் சொன்னால் போதாதா என்று ஒருநாள் கேட்டேன்.

"வாசலுக்கு வந்தவங்களப் பாத்தும் பாக்காத மாதிரி கதவச் சாத்துறாப்ல இருக்குங்க சார். மனசு கேக்க மாட்டேங்குது."

நாலு வருஷம் ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதுவும் இல்லாமல் ஓடினார். நடுவில் ஒரே ஒரு முறை கடை மூடியது, சென்ற வருஷம் சித்திரையில். அவர் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை விரதம்; அந்த ஊர்க்காரர் வீடுகளில் வறுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, மிளகாய் இடிக்கவே கூடாது. பொடிக்காரர் என்ன செய்வார்? 'ஊர்ல காப்புக் கட்டியாச்சுங்க, எட்டு நாளு வறுக்க மாட்டோம்' என்று எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. கும்பிடுகிற கை படத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். எட்டு நாள் கழித்து வந்த காளியாயியின் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. ஊரில் என்ன செய்தீர்கள் என்றால், "என்னத்த செய்ய, உக்காந்திருந்தேன்" என்றார்.

அந்தத் தெளிச்சி ஆடி வரை தாங்கியது. புரட்டாசியில் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்துவிட்டது. உடம்பு அசதியாக இருக்கிறது, நாலு நாள் லீவு என்று உள்ளதை உள்ளபடி மெசேஜ் போட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு முன்னால் இப்படிச் செய்யலாமா என்றார் ஒருவர். என் பையன் உங்கள் பொடி இல்லாமல் சாப்பிடவே மாட்டான், அவன் பட்டினி கிடக்கட்டுமா என்றார் இன்னொருவர். சாமிக்கு என்றால் எட்டு நாள் கொடுத்தவர்கள், மனுஷிக்கு நாலு நாள் கொடுக்கவில்லை. இதில் எனக்கும் பங்கு உண்டு, ஒளிக்க விரும்பவில்லை. என் ஆபீஸில் விழும் பார்சலில் பாதி அவருடையது. "சீசன்ல கடைய மூடினா ஜனங்க வேற பக்கம் போயிடுவாங்கம்மா" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னவன் நான்தான். ஒரே நாளில் லீவை ரத்து செய்துவிட்டார்.

தீபாவளி முடிந்த வாரம் ஒருநாள் சாயங்காலம் வந்தார். அனுப்புநர் முகவரி அடிக்கிற ரப்பர் ஸ்டாம்பை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். கையாலேயே எழுதிவிடுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு பார்சலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், எங்க வீட்டு நம்பர் என்னங்க?"

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் வரவில்லை. நான்தான் எழுதினேன். அதே வாரம் கைக்குழந்தைக்கான சத்துமாவு கேட்ட கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு இட்லி மிளகாய்ப் பொடி போயிற்று. லேபிள் மாறியிருந்தது. நல்லவேளை, பாக்கெட்டைப் பிரித்ததுமே வாசனையில் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காளியாயி என் எதிரில் உட்கார்ந்துகொண்டு, "பச்சப் புள்ள சார், பச்சப் புள்ள" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இதற்கு மேல் ஓடினால் எங்கேயோ போய் முட்டிக்கொள்வார் என்று எனக்கே பட்டது. நிறுத்தினால் நாலு வருஷமாகச் சேர்த்த ஜனம் போய்விடும் என்று அவருக்குப் பயம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. வாட்ஸ்ஆப்பில் மெசேஜ் வந்தது. நானும் அவர் லிஸ்டில் இருக்கிறேன். 'ஊர்ல காப்புக் கட்டியாச்சுங்க. எட்டு நாளு வறுக்க மாட்டோம்.'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐப்பசியில் எந்த ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள்? திருச்சிக்காரன் எவனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். ஆனால் பூனாவிலும் துபாயிலும் இருக்கிறவர்கள் காலண்டரைப் பார்த்தா பொடி வாங்குகிறார்கள்? கெட்டிக்காரி, தப்பித்துக்கொண்டாள் என்று மனதுக்குள் மெச்சினேன்.

தப்பிக்கவில்லை. அன்று மத்தியானமே வர ஆரம்பித்துவிட்டதாம். ஆர்டர் இல்லை, வேண்டுதல். 'அக்கா, என் மகளுக்குப் பரீட்சை, அம்மன்கிட்ட சொல்லுங்க.' 'கல்யாணமாகி ஆறு வருஷம் ஆச்சு, எனக்காக ஒரு மாவிளக்கு போடுங்க.' 'விசா கிடைக்கணும்.' சித்திரையில் கடை சின்னது, கையெடுத்துக் கும்பிட்டதோடு விட்டுவிட்டார்கள். இப்போது ஆயிரம் பேர். யாரோ ஒருத்தி கேட்க, அதை அவள் தன் குரூப்பில் சொல்ல, ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். பொடி விற்கும்போது வந்த மெசேஜைவிட விரதத்துக்கு வந்த மெசேஜ் அதிகம். லீவு எடுத்தவர் கட்டிலில் உட்கார்ந்து ஊர்க் கவலையெல்லாம் படித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் ஆபீஸைத் திறக்கும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தார். சாக்கு இல்லை, போன் மட்டும். உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். சுபலட்சுமி என்ற பெண். கல்யாணமாகிப் பூனாவில் இருக்கிறாள். பிறந்த ஊர் லால்குடி.

"அக்கா, அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சிருச்சு. வெள்ளிக்கிழம காலையில திருச்சியில ஆபரேஷன். நான் வந்துக்கிட்டிருக்கேன், டிரெயின்ல இருக்கேன். இந்த மாசத்துல எந்தக் கோயில் காப்புன்னு தெரியலக்கா, எதுவா இருந்தா என்ன, எல்லாம் அம்மன்தானே. நீங்க விரதத்துல இருக்கீங்க. நீங்க கேட்டா நடக்கும். எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன், அந்தப் பொடிக்கார அக்கா வேண்டிக்கிறாங்க, பயப்படாதன்னு."

காளியாயி போனை மேஜைமேல் வைத்தார்.

"விரதக்காரின்னு நம்பி ஒரு வயசான அம்மா ஆபரேஷனுக்குப் போவுது சார். நான் நேத்து கருவாட்டுக் கொழம்பு சாப்ட்டுட்டு உக்காந்திருக்கேன்."

நான் எனக்குத் தெரிந்த சமாதானமெல்லாம் சொன்னேன். நல்லதுக்குச் சொன்ன பொய்தானே, அந்தம்மாவுக்குத் தைரியம் வந்தால் சரிதானே, வேண்டுமென்றால் சமயபுரம் போய் ஒரு விளக்கு போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும். இன்னொன்றும் சொன்னேன். "இப்ப போய் உண்மையச் சொன்னா ஒருத்தரும் தங்கமாட்டாங்கம்மா. அசதின்னு சொன்னதுக்கே அந்தக் குதி குதிச்சாங்க. அம்மன் பேர்ல பொய்யின்னா விடுவாங்களா?"

"போனா போறாங்க" என்றார். போனால் போகிறது என்று சொல்கிற குரல் இல்லை அது.

முதலில் சுபலட்சுமிக்கு மட்டும் தனியாகப் பேசி அனுப்பினார். விரதம் இல்லை என்பதைச் சொன்னார். "ஒங்க அம்மா நல்லா வரணும்னு சும்மா, எல்லாரும் கும்பிடுற மாதிரி கும்பிட்டுக்கறேன். விரதக்காரியா நெனச்சுக்காத தாயி." பிறகு என் பார்சல்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, மொத்த லிஸ்டுக்கும் பேசினார். நான் ஃபேனை நிறுத்தினேன்.

"வணக்கங்க, காளியாயி பேசறேன். காப்புக் கட்டியிருக்குன்னு சொன்னேன்ல, அது பொய்யிங்க. எந்தக் கோயில்லயும் இப்ப காப்புக் கட்டல. எனக்கு முடியல, அதான். வீட்டு நம்பரே மறந்துபோற அளவுக்கு ஆயிருச்சு. முடியலன்னு சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க, சாமின்னா ஒத்துக்குவீங்கன்னு அம்மன் பேர இழுத்துட்டேன். தப்புதாங்க. ஒங்க வேண்டுதலெல்லாம் நீங்களே வேண்டிக்கங்க, நான் விரதத்துல இல்ல. நேத்து கருவாட்டுக் கொழம்பு சாப்ட்டேன். ஆனா லீவு லீவுதாங்க. அத மாத்தல. புதன்கிழம வரேன். பிடிக்காதவங்க வேற எடத்துல வாங்கிக்கங்க. கோச்சுக்க மாட்டேன்."

கருவாட்டை விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சொல்வதற்குள் அனுப்பிவிட்டார். அனுப்பிய கையோடு போனை அணைத்தார். அணைத்து என்னிடம் நீட்டினார்.

"இத ஒங்க டிராயர்ல பூட்டி வெச்சுக்குங்க சார். எங்கிட்ட இருந்தா எடுத்துப் பாத்துருவேன். பாத்தா பதில் சொல்லுவேன். புதன்கிழம வந்து வாங்கிக்கறேன். வீட்டு விஷயத்துக்கு அவரு போன் இருக்கு."

அப்படியே எழுந்து போய்விட்டார். நான் அந்தப் போனை டிராயரில் வைத்துப் பூட்டினேன். உண்மையைச் சொன்னால் அந்த ஐந்து நாளும் தவித்தது நான்தான். செத்த போன்தான், ஒரு சத்தம் வரப்போவதில்லை. ஆனாலும் அரைமணிக்கொரு தரம் டிராயரைத் தொட்டுப் பார்த்தேன். ஊர் என்ன சொல்கிறதோ, எத்தனை பேர் போனார்களோ என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் ஒருதரம் எட்டிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா மண்டபத்துப் பக்கம் நடக்கப் போயிருந்தேன். படித்துறையில் காளியாயியும் அழகிரியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பொரி பொட்டலம். காவிரியில் தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். போனைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று பதிலைக்கூடத் தயார் செய்துகொண்டேன்.

"வாங்க ராவ் சார், பொரி சாப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான்.

அழகிரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "மொத ரெண்டு நாளு எந்திரிச்சு எந்திரிச்சு போன தேடுச்சுங்க. இன்னிக்கு மத்தியானம் தூங்கிருச்சு. கல்யாணமாகி இத்தன வருசத்துல அது பகல்ல தூங்கி நான் பாத்ததில்லைங்க."

எனக்கு அப்போதுதான் வெட்கமாக இருந்தது. நான் பிறந்து வளர்ந்த ஸ்ரீரங்கத்தில், கோயில் வாசலில் எழுதிப் போட்டிருப்பார்கள், இத்தனை மணிமுதல் இத்தனை மணிவரை சேவை கிடையாது என்று. அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாலும் சரி, அடுத்த தெருவிலிருந்து வந்திருந்தாலும் சரி, ரெங்கநாதரை ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. உட்கார்ந்து காத்திருப்பார்கள். அதைத் தினமும் பார்க்கிற நான், ஒரு மனுஷி நாலு நாள் கேட்டபோது சீசன், ஜனம் என்று பயமுறுத்தியிருக்கிறேன். அன்றைக்கே அவரிடம் சொன்னேன், தப்பு என்பேரில்தான் என்று. பொரி பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

புதன்கிழமை காலையில் வந்தார். டிராயரைத் திறந்து போனைக் கொடுத்தேன். உயிர் வந்ததும் அது மேஜைமேல் வண்டு மாதிரி துடித்துத் துடித்து நகர்ந்தது. அடங்குகிறவரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திட்டியவர்கள் இருந்தார்கள். ஒரு அம்மாள், அம்மன் பேரைச் சொல்லி ஏமாற்றியவள் கையால் இனித் தன் வீட்டில் ஒரு வாய் சாப்பிடமாட்டார்கள் என்று நீளமாக எழுதியிருந்தார். காளியாயி அதை இரண்டு முறை படித்தார். "சரியாத்தான் சொல்றாங்க" என்றார். பல பேர் சொல்லாமல் கொள்ளாமல் விலகியிருந்தார்கள். ஆனால் விலகியவர்களைவிட இருந்தவர்கள் அதிகம். கோயம்புத்தூரில் சத்துமாவு கேட்ட அந்தப் பெண் இருந்தாள். கருவாட்டுக்குச் சிரித்தவர்கள் இருந்தார்கள். நானும் என் ஆபீஸில் முடியலன்னு சொல்லப் போகிறேன் அக்கா என்று ஒருத்தி எழுதியிருந்தாள். என் கூரியர் தொழில் பிழைத்தது என்று எனக்கு மூச்சு வந்தது. சின்னப் புத்தி, என்ன செய்வது.

இப்போதெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை காளியாயி எட்டு நாள் கடை மூடுகிறார். மெசேஜில் தேதி மட்டும் இருக்கும், காரணம் இருக்காது. போன் என் டிராயருக்கு வந்துவிடும். அந்த நாட்களில் சாயங்காலம் நானும் சீக்கிரம் பூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.

ஆனால் அந்தப் புதன்கிழமை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் ஒன்றை மட்டும் அவர் தொடாமல் வைத்திருந்தார். சுபலட்சுமியிடமிருந்து ஒரு குரல் பதிவு. விரலை அதன்மேல் கொண்டு போவார், எடுத்துவிடுவார். "நீங்க அமுக்குங்க சார்" என்றார். நான் அமுக்கினேன்.

"அக்கா, நீங்க பேசினதக் கேட்டப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு, மறைக்கல. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. கண்ணு முழிச்சதும் அம்மா கேட்ட மொதக் கேள்வியே, அந்தப் பொடிக்காரப் பொண்ணு வேண்டிக்கிச்சான்னுதான். எனக்கு மூடி மறைக்கத் தெரியல. நீங்க எல்லாருக்கும் பேசினத அப்படியே போட்டுக் காட்டிட்டேன். முழுசாக் கேட்டாங்க. அப்பறம், 'சரி, அது தூங்குச்சாமா?'ன்னு கேட்டாங்க. தெனமும் கேக்கறாங்கக்கா. நீங்க வந்ததும் கேட்டுச் சொல்லச் சொன்னாங்க. தூங்கினீங்களா?"

காளியாயி முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். நாலு வருஷத்தில் அவரைப் பற்றி அப்படி ஒரு கேள்வி கேட்டு ஒரு மெசேஜ் வந்ததில்லை. நானும் கேட்டதில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மிளகாய் வாசனை அன்றைக்கு இல்லவே இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அன்றைக்கு அவர் அனுப்பிய முதல் பதில் அதுதான்.

"தூங்கினேன்னு அம்மாகிட்டச் சொல்லு தாயி. மத்தியானத்துலகூடத் தூங்கினேன்னு சொல்லு."